அந்நிய அரிசி, சொந்தப் படையல்

நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களில் மெக்சிகோவின் மத்திய, தென் பகுதி வீடுகளில் மறைந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். முதல் நாள் குழந்தையாக இறந்தவர்களுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. மேசையில் விரிப்பு, அதன்மேல் துளையிட்டுக் கத்தரித்த வண்ணக் காகிதத் தோரணம், மெழுகுவத்தி, புகையும் கோப்பால் பிசின், ஒரு குவளைத் தண்ணீர், ஒரு கிண்ணம் உப்பு, இறந்தவரின் புகைப்படம். வாசலிலிருந்து மேசை வரைக்கும் செண்டுமல்லி இதழ்களால் ஒரு பாதை. வெகுதூரம் நடந்து வருகிறவர்கள் வழி தவறிவிடக் கூடாதல்லவா! பிறகு சாப்பாடு. மக்காச்சோள மாவைப் பொதிந்து வேகவைத்த தமாலே, மண்சட்டி நிறைய மோலே குழம்பு, இந்த நாட்களுக்கென்றே கோதுமை மாவில் சுடும் இனிப்பு ரொட்டி, அவற்றோடு தக்காளியில் சிவந்த சோறு.

மக்காச்சோளமும் மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணின் பிள்ளைகள். அரிசி அப்படியல்ல. 1519-ல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்ட்டெஸ் வெராக்ரூஸ் கரையில் இறங்கியபோது அந்த நாட்டில் ஒரு மணி நெல் கிடையாது. படையல் பெறும் மூதாதையர் வரிசையில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், அரிசியைக் கண்ணாலும் கண்டிராத ஒரு பாட்டியிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அவருக்கு அது எப்படிப் படையலாகும்? கேள்வியை இன்னும் கூர்மையாக்கலாம். கடவுள் முன்னும் முன்னோர் முன்னும் வைக்கத் தகுந்த உணவு எது என்பதை எது தீர்மானிக்கிறது? அது விளைந்த மண்ணா, முதன்முதலில் அதைப் படைத்தவர் வகுத்த விதியா, சமைக்கிற கையா, சாப்பிட வருகிறவரின் ஆசையா? மெக்சிகோவில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை.

நெல் பயிரானது சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில். அது தெற்காசியா, பாரசீகம் என்று மேற்கே நகர்ந்து, அரபு ஆட்சியோடு ஸ்பெயினுக்குள் புகுந்து, வாலென்சியாவின் ஈரநிலங்களில் வேர்பிடித்தது. அரிசியை முதலில் எண்ணெயில் வதக்கிப் பிறகு சாறு ஊற்றி, மணி மணியாக உதிரும்படி வேகவைக்கும் முறையும் மேற்காசியாவின் புலாவ் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதே ஸ்பெயினில்தான், ஒரு வீட்டில் பன்றிக்கொழுப்பு இல்லாமல் எண்ணெயில் சமைத்தார்கள் என்பதே அவர்கள் மனத்தளவில் இன்னும் யூதர்கள், முஸ்லிம்கள் என்பதற்கு அடையாளமாக மத விசாரணை மன்றங்களில் பேசப்பட்டது. மதம் மாறிய முஸ்லிம்களின் சந்ததியினரை 1609 முதல் 1614 வரை அந்த ராஜ்ஜியம் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தியது. மனிதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய முன்னோர் பழக்கிய சோறோ அதற்குள் பேரரசின் கப்பலில் ஏறி அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டிருந்தது. மறுபக்கம் பசிபிக்கில் 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே கப்பல்கள் ஓடின. ஆசியாவின் பட்டும் பீங்கானும் மனிதர்களும் அந்த வழியாகவும் மெக்சிகோவை அடைந்தார்கள்.

இன்று அரிசி இல்லாத மெக்சிகோ விருந்து கிடையாது. ஞானஸ்நானம், பெண்பிள்ளையின் பதினைந்தாம் பிறந்தநாள், கல்யாணம், துக்கவீடு எதுவானாலும் பெரிய அண்டாவில் மோலே கொதித்தால் பக்கத்தில் சிவப்புச் சோறு இருந்தே தீரும். சாதாரண நாளில் சிறு உணவகங்களின் மதியச் சாப்பாட்டில் முதலில் நீர்த்த சூப் வரும், அடுத்து இந்தச் சோறு தனியாக ஒரு தட்டில் வரும், அதன் பிறகுதான் கறியோ குழம்போ. நம்மைப் போல் பிசைந்து சாப்பிடும் அடிப்படை உணவாக அது இல்லை. வயிற்றை நிரப்பும் வேலையை மக்காச்சோள ரொட்டியான தொர்த்தியா பார்த்துக்கொள்கிறது. அரிசிக்குத் தனிப் பந்தி, தனி மரியாதை.

வீட்டில் செய்யும் முறையில் ரகசியம் ஒன்றுமில்லை, கவனம் மட்டும் வேண்டும். ஒரு கோப்பை அரிசியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, சல்லடையில் கொட்டி நன்றாக உலரவிடுகிறார்கள். ஈரம் இருந்தால் எண்ணெயில் பொரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழுத்த தக்காளி இரண்டு, கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு மூன்றையும் அரைத்து வடிகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அடிகனத்த சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் அரிசியைப் போட்டுக் கை எடுக்காமல் வதக்க வேண்டும். முதலில் கண்ணாடி போலிருந்த மணி வெளுக்கும், பிறகு ஓரம் பொன்னிறமாகும். அந்த நேரத்தில் சட்டியின் சத்தம் மாறும். கரண்டி படும்போதெல்லாம் காய்ந்த மணலைக் கிளறுவது போன்ற சரசரப்புக் கேட்கும். பழகியவர்கள் கண்ணை விடக் காதைத்தான் நம்புகிறார்கள்.

அப்போதுதான் தக்காளி விழுது. சுர்ரென்று எழும் ஆவி அடங்கி, பச்சை வாடை போய், நிறம் செங்கல் சிவப்புக்குத் திரும்பும்வரை அவசரப்படக் கூடாது. விழுதும் சாறும் சேர்ந்து இரண்டு கோப்பை அளவு வருமாறு சூடான கோழிச்சாறு ஊற்றி, உப்பு, பொடியாக நறுக்கிய காரட், பட்டாணி, கீறாத முழு செர்ரானோ மிளகாய் இரண்டு, ஒரு கொத்து கொத்தமல்லி போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடுகிறார்கள். இருபது நிமிடம் போல் ஆகும். நடுவில் கிளறவே கூடாது. அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடி திறக்கக் கூடாது. அரிசி குழையாமல் இருப்பதற்குக் காரணம் அந்த ஆரம்ப வதக்கல்தான். கழுவும்போது மேல்மாவு போய்விடுகிறது, வதக்கும்போது மணியின் மேற்பரப்பு காய்ந்து எண்ணெய் பூசிக்கொள்கிறது. மிளகாயைக் கீறாததும் யோசித்துச் செய்வதே. வாசனை சோற்றில் இறங்கும், காரம் வேண்டியவர் மட்டும் மிளகாயை எடுத்துக் கடித்துக்கொள்ளலாம்.

அடுப்படியில் கிடைக்கும் இந்த மாதிரி அறிவுக்குத் தத்துவத்தில் இடம் உண்டா என்ற கேள்வியை மெக்சிகோவில் ஒரு கன்னியர் நேருக்கு நேர் எழுப்பினார். சோர் ஹுவானா இனெஸ் தெ லா க்ரூஸ், மெக்சிகோ நகரத்தின் சான் ஹெரோனிமோ மடத்தில் வாழ்ந்த கவிஞர், அறிஞர். உலகியல் கல்வியை விட்டுத் திருநூல் பக்கம் திரும்பும்படி புவெப்லா ஆயர் ஒரு கன்னியரின் புனைபெயரில் அவருக்கு அறிவுரை எழுதினார். அதற்கு 1691-ல் அவர் எழுதிய நீண்ட பதிலில் சமையலறை வருகிறது. புத்தகங்களைத் தொடக் கூடாது என்று தடுத்திருந்த நாட்களிலும் தன் அறிவு ஓயவில்லை, முட்டை எண்ணெயில் ஒன்றுகூடிப் பொரிவதையும் சர்க்கரைப் பாகில் சிதறுவதையும் பார்த்தே இயற்கையின் விதிகளை யோசித்தேன் என்கிறார். அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார் என்பது அவருடைய முடிவு. அதைச் சமத்காரமான பேச்சு என்று ரசித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அது முழு அர்த்தத்தோடு சொல்லப்பட்ட வாதம். பொருள் எப்படி மாறுகிறது, மாறினாலும் எது அதேயாக இருக்கிறது என்ற மூலக் கேள்வியைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவர் சமைப்பவர். சோர் ஹுவானா நான்கே ஆண்டுகளில், 1695-ல், மடத்தில் பரவிய கொள்ளைநோயில் சகோதரிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது இறந்தார்.

மெக்சிகோவின் பல சமையலறைச் சுவர்களில் இன்னொரு துறவியின் படம் இருக்கும். புனித பாஸ்குவால் பைலோன். ஸ்பெயினில் ஆடு மேய்த்து, பிறகு பிரான்சிஸ்கன் சபையில் குருப்பட்டம் இல்லாத சகோதரராகச் சேர்ந்து, 1592-ல் வாலென்சியாவை ஒட்டிய வில்லார்ரியாலில் இறந்தவர். மெக்சிகோ மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் புவெப்லா பக்கத்தில் மோலே குழம்பையே அவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுப்பு மூட்டும்போது பதம் தப்பாமல் வர அவரை வேண்டிக்கொள்கிறார்கள். திருச்சபை அவருக்கு வேறொரு பொறுப்பும் கொடுத்திருக்கிறது. 1897-ல் திருத்தந்தை 13-ஆம் லியோ அவரை நற்கருணை மாநாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார். பீடத்தின் மேலுள்ள கோதுமை அப்பமும் அடுப்பின் மேலுள்ள சட்டியும் ஒரே துறவியின் காவலில் இருக்கின்றன. பீடத்தில் ஏற எந்தத் தானியத்துக்கு அனுமதி உண்டு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் தானியம் கடவுளோடு கலந்திருந்தது. குவாத்தமாலா மலைநாட்டின் கிச்சே மாயா மக்களுடைய பொபோல் வூ நூலில், மனிதனை மண்ணில் பிசைந்து பார்த்துக் கரைந்துபோய், மரத்தில் செதுக்கிப் பார்த்து நெஞ்சு ஈரமில்லாமல் போய், கடைசியில் மஞ்சளும் வெள்ளையுமான மக்காச்சோளத்தை அரைத்த மாவில்தான் தெய்வங்கள் உருவாக்குகின்றன. சதையே சோளம். தின்னும் பொருளும் தின்கிறவரும் ஒன்று என்பதால், சோளத்தைக் கீழே சிந்தினால் பொறுக்கி எடுப்பது சிக்கனம் பற்றிய விஷயம் மட்டுமல்ல. அஸ்டெக்குகள் என்று அறியப்படும் மெஷிகா மக்களோ அமராந்த் விதை மாவில் தங்கள் போர்த்தெய்வம் உயித்சிலோபோச்த்லியின் உருவம் செய்து, விழா முடிவில் அதைப் பிட்டுச் சாப்பிட்டார்கள். தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த அந்தச் சிறு விதை இன்றும் வெல்லப்பாகில் பிடித்த இனிப்பாக மெக்சிகோ தெருக்களில் விற்கிறது.

துறவிகளான பெர்னார்தினோ தெ சஹகுனும் தியேகோ துரானும் இந்தச் சடங்கை 16-ஆம் நூற்றாண்டில் விவரமாக எழுதி வைத்தார்கள். எழுதும்போதே அவர்களுக்கு நடுக்கம். கடவுளின் உடலை மாவில் செய்து உண்பது அவர்களுடைய திருப்பலிக்கு மிக நெருக்கமாக இருந்தது. சாத்தான் நற்கருணையைக் காப்பியடித்துக் கேலி செய்கிறான் என்பது அந்தக் காலத்து விளக்கம். இரண்டு மக்கள் ஒரே ஏக்கத்தை இரண்டு தானியங்களில் வெளியிட்டிருக்கலாம் என்று பார்க்க முடியாமல் போனது பெரிய இழப்பு. அந்த உருவங்களும் விழாவும் ஒழிக்கப்பட்டன. கோதுமை விதைக்கப்பட்டது. குடியேறிய ஸ்பானியருக்கு அது வெறும் ருசிப் பழக்கமாக இல்லை. உள்ளூர் உணவை உண்டால் தங்கள் உடலே பூர்வகுடிகளின் உடலாகத் திரிந்துவிடும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்ததை வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஏர்ல் 2012-ல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

நற்கருணை அப்பம் கோதுமையில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924-ஆம் விதி அதைச் சொல்கிறது. அமெரிக்காவில் 2004-ல் கோதுமை ஒவ்வாத நோயுள்ள ஒரு சிறுமி அரிசி அப்பத்தில் முதல் நற்கருணை பெற்றபோது, அது செல்லாது என்று மறைமாவட்டம் அறிவித்தது. கோதுமைப்பசை மிகக் குறைந்த அப்பமோ, திராட்சை ரசம் மட்டுமோ பெறலாம் என்றது. செய்தியை வாசித்தவர்களுக்குக் கோபம் வந்தது. உலகத்தில் பாதிப்பேர் உண்ணும் தானியத்தில் கடவுள் இறங்க மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் திருச்சபையின் பக்கம் உள்ள வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடவுள் பொதுவாக எங்கும் வந்தார் என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட தாயின் மகனாக, குறிப்பிட்ட இரவில் ஒரு மேசையில் உட்கார்ந்து அப்பத்தைக் கையில் எடுத்தார் என்கிறது. அந்த மேசையில் இருந்ததை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதே அதன் நிலை. குறிப்பிட்டதன்மையைக் கைவிட்டால் நினைவுகூர எதுவும் மிஞ்சாது. மற்ற விஷயங்களில் அதே திருச்சபை இறங்கி வந்திருக்கிறது. தென் மெக்சிகோவில் சியாபாஸ் மாநிலத்தின் சான் கிறிஸ்தோபல் தெ லாஸ் காசாஸ் மறைமாவட்டத்துப் பூர்வகுடி மொழிகளில் நடக்கும் திருப்பலியில் சடங்கு நடனத்துக்கும், பெண்கள் தூபம் காட்டுவதற்கும் 2024 நவம்பரில் வத்திக்கான் ஒப்புதல் கொடுத்தது. அப்பம் மட்டும் கோதுமையாகவே இருக்கிறது, சோளத்தால் ஆன மனிதர்களின் ஊரிலும்.

தானியத்தை வைத்து மனிதரை எடைபோடும் புத்தி மதத்தோடு நிற்கவில்லை. 1899-ல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதி எழுதிய நூலில் மனிதகுலத்தைக் கோதுமை இனம், அரிசி இனம், சோள இனம் என்று மூன்றாகப் பிரித்தார். முன்னேறக்கூடியது கோதுமை இனம் மட்டுமே என்றார். பூர்வகுடிகளின் வறுமைக்குக் காரணம் பறிக்கப்பட்ட நிலம் அல்ல, அவர்கள் தின்னும் சோளம் என்று சொல்ல இது வசதியாக இருந்தது. இந்தப் பேச்சு 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் உயிரோடிருந்ததை ஜெஃப்ரி பில்ச்சர் மெக்சிகோ உணவைப் பற்றி 1998-ல் எழுதிய நூல் தொடர்ந்து காட்டுகிறது. பீடத்தின் விதிக்குப் பின்னால் ஒரு பக்தி இருந்தது. புல்னெஸின் வகைப்பாட்டுக்குப் பின்னால் இருந்தது விஞ்ஞான உடை போட்ட இகழ்ச்சி.

காலம் மாறியது, தராசும் மறுபக்கம் சாய்ந்தது. 2010-ல் மெக்சிகோவின் மரபு உணவை யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தபோது, மையத்தில் இருந்தவை சோளம், அவரை, மிளகாய். பெருமைப்பட வேண்டிய நாள்தான் அது. நசுக்கப்பட்ட தானியத்துக்கு ஐந்நூறு ஆண்டு கழித்துக் கிடைத்த நியாயம். ஆயினும் பூர்வீகமே பெருமை என்ற அளவுகோலில் சிவப்புச் சோற்றின் இடம் என்ன? ஐந்நூறு ஆண்டு சமைத்த பிறகும் அது விருந்தாளியா? மோலே குழம்பும் அந்தத் தேர்வில் தேறாது. அதில் எள் உண்டு, கிராம்பு உண்டு, இலவங்கப்பட்டை உண்டு, எல்லாமே கடல் கடந்து வந்தவை. பூர்வீகச் சோதனையை நேர்மையாக நடத்தினால் நவம்பர் 2-ஆம் தேதி மேசையில் பாதிக்குமேல் காலியாகிவிடும்.

படையல் போடும் வீடுகளில் அந்தச் சோதனையை யாரும் நடத்துவதில்லை. அங்கே இருக்கும் ஒரே கேள்வி, வருகிறவருக்கு எது பிடிக்கும் என்பதுதான். அப்பாவுக்குப் பீர் பிடிக்குமென்றால் பீர். அத்தைக்குக் குறிப்பிட்ட கம்பெனி சிகரெட் என்றால் அதே சிகரெட். குழந்தைக்கு மிட்டாய், பொம்மை. பாட்டி ஞாயிறுதோறும் சிவப்புச் சோறு ஆக்கினார் என்றால், அவர் எப்படி ஆக்கினாரோ அப்படியே, பட்டாணி சேர்த்தோ சேர்க்காமலோ. சியாபாஸின் சான் ஹுவான் சாமுலா ஊர்த் தேவாலயத்தில் இருக்கைகள் கிடையாது. தரையில் பைன் இலை பரப்பி, மெழுகுவத்திகளை நட்டு, நோய் தீர்க்கும் சடங்குகளை நடத்தும் சோத்சில் மக்கள், பாரம்பரியச் சாராயத்தோடு கோக்கோ கோலாவையும் வைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் பிடித்துச் சிரிப்பதுண்டு. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. எதைக் கொடுத்தால் உறவு நிலைக்கும் என்று அந்த மக்கள் அறிவார்கள். பாட்டிலின் மீது எந்த ஊர் முத்திரை இருக்கிறது என்பது அந்த அறிவுக்குள் வருவதில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. மெக்சிகோவுக்கு அரிசி போன அதே நூற்றாண்டில் அங்கிருந்து மிளகாய் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது, தக்காளியும் பின்னால் வந்து சேர்ந்தது. தினசரிச் சாம்பாரும் ரசமும் அவை இல்லாமல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பிராமண வீடுகளின் திவசச் சமையலில் இன்றும் மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். தக்காளிக்கும் இடமில்லை. வாழைக்காயும் பாகற்காயும் பிரண்டையும் உண்டு. பழைய கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும், ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோயில் சமையலிலும் இதே ஒழுங்குதான். பித்ருக்கள் எதை உண்டார்களோ அதையே கொடு என்பது அங்கே உள்ள விதி, காலத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் விதி. வாலென்சியாக்காரரின் சோறு மெக்சிகோவில் மூதாதையர் மேசையில் ஏறிவிட்டது. மெக்சிகோக்காரரின் மிளகாய் இங்கே அந்த இலையில் ஏறவில்லை.

அதற்காக இங்குள்ள மரபைக் குறுகியது என்று சொல்லிவிடலாகாது. நினைவைக் காப்பதற்கு அதுவும் ஒரு வழி. மிளகாய் வருவதற்கு முன் தென்னிந்தியச் சமையல் எப்படி இருந்தது என்பதை இன்று ருசி பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறதென்றால் அதற்குத் திவசச் சமையலே காரணம். தமிழ்நாட்டிலேயே வேறு வழியும் இருக்கிறது. இறந்தவருக்குப் பிடித்த மீன்குழம்பையும் சுருட்டையும் சாராயத்தையும் படைக்கும் வீடுகள் ஏராளம், அவை மெக்சிகோ வீடுகளின் பக்கம் நிற்கின்றன. மிளகாயை விலக்கிய வீட்டிலும் வாசலைப் பாருங்கள். பண்டிகையென்றால் தோரணத்தில் செண்டுமல்லி தொங்கும். பொன் நிறத்தில் பூக்கும் அந்தச் செடியின் தாயகம் மெக்சிகோ. அங்கே இறந்தோருக்கு வழிகாட்டும் அதே பூ. மிளகாய்க்கு மூடிய கதவு பூவுக்குத் திறந்திருக்கிறது, அதை யாரும் விதிமீறலாக உணர்வதும் இல்லை. தூய்மை பற்றிய விதிகள் எங்கே இறுகும், எங்கே இளகும் என்பதைத் தர்க்கம் மட்டும் முடிவு செய்வதில்லை. நாக்கைத் தொடுவதில் காட்டும் கண்டிப்பைக் கண்ணைத் தொடுவதில் மனிதர்கள் காட்டுவதில்லை.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு பதில் எழுதியிருக்கிறது. மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே மொரேலோஸ் மாநிலம், மெக்சிகோ புரட்சியின் விவசாயத் தலைவர் எமிலியானோ சபாட்டா பிறந்த மண். அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நெல் விளைகிறது. கையால் நாற்று நடுகிறார்கள். அரிசி பெரிய மணி, நடுவில் வெள்ளை வயிறு, வேகக் கூடுதல் தண்ணீரும் நேரமும் கேட்கும். 2012-ல் அந்த அரிசிக்கு மெக்சிகோ அரசு பூர்வீகப் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. டெக்கீலாவுக்குக் கிடைத்த அதே தகுதி. யாங்சிக் கரையில் பிறந்த பயிருக்கு மெக்சிகோவைப் பிறந்தவீடாக எழுதிக் கொடுத்த ஆவணம் அது! அதே சமயம், நாடு உண்ணும் அரிசியில் பெரும்பகுதி இப்போது இறக்குமதி. 1994-ல் வட அமெரிக்கத் தடையில்லா வணிக ஒப்பந்தம் வந்த பின் உள்நாட்டு நெல் சாகுபடி வெகுவாகச் சுருங்கியது. மறைந்தவர்கள் முன் வைக்கும் சிவப்புச் சோறு பல வீடுகளில் அமெரிக்க வயலில் விளைந்தது. நாற்று நட்டுப் பிழைத்த குடும்பங்களுக்கு இது வேதனை. நியாயமான வேதனை, அரசு பதில் சொல்ல வேண்டிய வேதனை. ஆனால் அந்தச் சோறு செல்லாத படையல் என்று சொல்லும் அதிகாரி அங்கே எந்த மரபிலும் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, படையலில் உணவுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இறந்தவர்கள் வந்து உணவின் மணத்தை, சாரத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. பிறகு உயிரோடிருப்பவர்கள் அதை எடுத்து உண்கிறார்கள். படையல் உணவில் ருசி போய்விட்டிருக்கும் என்று பல ஊர்களில் சொல்வார்கள். திருப்பலியில் நடப்பதற்கு இது நேர் எதிர்த் திசை. புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கி, 1551-ல் திரெந்து சங்கம் உறுதிசெய்த கோட்பாட்டின்படி, அப்பத்தின் நிறமும் மணமும் ருசியும் அப்படியே இருக்க, அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகிறது. வீட்டு மேசையில் உட்பொருள் அப்படியே இருக்கிறது, மணமும் ருசியும் மட்டும் அந்தப் பக்கத்துக்குப் போகின்றன. பீடத்தில் தானியமே வேறொன்றாக வேண்டியிருப்பதால் எந்தத் தானியம் என்பது அங்கே தலைபோகிற கேள்வி. வீட்டில் தானியம் எதுவாகவும் மாற வேண்டியதில்லை. பாட்டிக்குத் தெரிந்த மணம் சட்டியிலிருந்து எழ வேண்டும், அவ்வளவுதான். அந்த மணம் நெல் வயலிலிருந்து வருவதில்லை. வதங்கிய அரிசியின் பொன்னிறத்திலிருந்தும் பச்சை வாடை போன தக்காளியிலிருந்தும் வருகிறது. அவசரப்பட்டுச் சீக்கிரம் சாறு ஊற்றிவிட்டால் மொரேலோஸ் அரிசியிலும் அது வராது.

இரண்டையும் ஒரே குடும்பம் செய்கிறது என்பதே இதில் வியப்பு. நவம்பர் 2 காலையில் கோவிலுக்குப் போய்க் கோதுமை அப்பத்தை நாக்கில் வாங்குகிறவர்கள், வீடு திரும்பி அரிசித் தட்டின் முன் கோப்பால் புகை போடுகிறார்கள். ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்குவதாக அவர்கள் நினைப்பதில்லை. இறையியலாளர்கள் இதற்குக் கலப்பு வழிபாடு என்று பெயர் வைத்துப் பிரித்து எழுதுகிறார்கள். கலப்பு என்றால் எங்கோ ஒரு தூய நிலை இருந்து கெட்டது போலத் தொனிக்கிறது. யாங்சி நெல், பாரசீக வதக்கல், மெக்சிகோ தக்காளி மூன்றும் ஒரே சட்டியில் வெந்த பிறகு எதைப் பிரிப்பது?

விழா முடிந்ததும் படையலைக் கலைத்து, ஞானப்பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தட்டுத் தட்டாக அனுப்புகிறார்கள். ரொட்டி, பழம், மோலே எல்லாம் போகும். அடுப்படியில் சட்டியில் மீந்த சிவப்புச் சோறு வீட்டுக்காரர்களுக்கு. அதைச் சூடாக்கி, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டு, பக்கத்தில் வாட்டிய தொர்த்தியாவும் பச்சை மிளகாய்ச் சல்சாவும் வைத்துப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.